அவளுக்கும் சேர்த்து ஒரு பிரசன்ட்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அத்தை மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் பெண்களை வேலைக்கு எடுக்கிறார்களாம். திருவொற்றியூரிலிருந்து காலையில் ரயில் இருக்கிறது, காய்ந்த இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறேன். எங்கள் உறவில் யாருக்கு எந்த விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றாலும் என்னிடம்தான் வருவார்கள்.

“பத்தாவது மார்க்ஷீட்டு கேக்குறாங்கடி. என்னாண்ட ஒம்போதாவது பாஸுன்றதுதான் கீது. இன்னா பண்லாம்?” என்றாள்.

தனித்தேர்வு எழுதலாம், விண்ணப்பம் நான் போட்டுத் தருகிறேன், பாடமும் சொல்லித் தருகிறேன் என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன். அவள் டீயை ஊதிக் குடித்துக்கொண்டே சிரித்தாள். “இத்தினி வருசம் கழிச்சு நான் குந்தி கணக்கு போடப் போறேனா? உடுடி, பாக்கலாம்” என்றாள். பிறகு என் அம்மாவிடம் அரை மணி நேரம் கதை பேசிவிட்டுப் போய்விட்டாள். அவள் குரலில் என்னைக் குறை சொல்லும் தொனி துளியும் இல்லை. அன்று மட்டுமல்ல, இத்தனை வருடங்களில் ஒருநாளும் இருந்ததில்லை. இருந்திருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

நானும் அவளும் நான்கு மாத இடைவெளியில் பிறந்தவர்கள். அவள்தான் மூத்தவள். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் அவள் வீடு. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பள்ளி, ஒரே பெஞ்சு. வகுப்பில் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட்டால் நான் பதில் சொல்வது எனக்கே கேட்காது. அவள் “உள்ளேன் மிஸ்” என்று சொன்னால் மைதானத்தில் இருக்கும் காக்கை பறக்கும்.

நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது கொரோனா என்று பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். பரீட்சை எழுதாமலே எல்லோரும் பாஸ் என்றார்கள். ஒன்பதாம் வகுப்பு பெரும்பாலும் செல்போனில் நடந்தது, அதற்கும் எல்லோரும் பாஸ். முதல் வருடம் எங்களுக்கு அது திருவிழா போலத்தான் இருந்தது. பத்தாம் வகுப்பும் செல்போனிலேயே தொடங்கியபோதுதான் பெரியவர்கள் பொதுத்தேர்வு, பொதுத்தேர்வு என்று பேச ஆரம்பித்தார்கள்.

என் நைனா கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். துறைமுகத்துக்குள் நுழைய எண்ணூர் சாலையில் சில நாள் ராத்திரி பகலாக வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ஊரே அடங்கிக் கிடந்தபோதும் அந்த வரிசை அடங்கவில்லை. அவரிடம் ஒரு நல்ல செல்போன் இருந்தது. வண்டியில் காத்திருக்கும் நேரமெல்லாம் அதில் படம் பார்ப்பார். வகுப்பு செல்போனில்தான் என்று தெரிந்ததும் அதை என் கையில் கொடுத்துவிட்டு, பழைய பட்டன் போனை எடுத்துக்கொண்டார். “எனுக்கு பேசுறதுக்கு ஒண்ணு இருந்தா போதும், நீ படி” என்றார்.

அத்தை வீட்டில் பட்டன் போன் மட்டுமே இருந்தது. அதனால் அத்தை மகள் காலையில் எட்டு மணிக்கே நோட்டைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். வீட்டுக்குள் டவர் கிடைக்காது. மாடிப்படியில் பாதி ஏறி உட்கார்ந்தால் கிடைக்கும். எட்டரை மணிக்குக் கணக்கு மிஸ் வாட்ஸ்அப் குழுவில் “வருகை” என்று ஒரு வார்த்தை போடுவார். அவர்தான் எங்கள் வகுப்பாசிரியர். நாங்கள் எங்கள் எண்களைப் போட்டு “பிரசன்ட்” என்று எழுத வேண்டும். என் எண் பதினேழு, அவளுடையது இருபத்து நான்கு. ஒரே போனிலிருந்து “17, 24 பிரசன்ட் மிஸ்” என்று அனுப்புவேன். மிஸ் திருநெல்வேலிக்காரர். ராயபுரத்தில் அவர் வீட்டாருக்கு மளிகை மொத்தக் கடை. முதல் நாளே என்னைப் போனில் கூப்பிட்டு, “ஒரே போன்ல ரெண்டு பேரு படிச்சா தப்பு இல்ல பிள்ளே, ஆனா ரெண்டு பேரும் தனித்தனியா எழுதி அனுப்பணும்” என்று சொல்லியிருந்தார். நாங்களும் அப்படித்தான் செய்தோம்.

பத்தாம் வகுப்புப் பாடம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, அவள் தெருவில் மூன்று பேருக்குக் காய்ச்சல் கண்டது. மாநகராட்சி ஆட்கள் வந்து தெருமுனையைத் தகரம் வைத்து அடைத்தார்கள். ப்ளீச்சிங் பவுடரைக் கொட்டினார்கள். பதினான்கு நாளைக்கு யாரும் வெளியே வரக்கூடாது. மறுநாள் காலை நான் தகரத்துக்கு இந்தப் பக்கம் போய் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் அவள் வந்து நின்றாள். தகரத்துக்கும் தரைக்கும் நடுவில் அவள் செருப்புகள் மட்டும் தெரிந்தன.

“இன்னாடி, கிளாஸ் நடக்குதா?” என்றது அவள் குரல்.

“நடக்குது. நீ வரலன்னா ஆப்சென்ட் போட்டுடுவாங்க.”

“போட்டா இன்னா?”

“பேர எடுத்துடுவாங்களாம். பரீட்சை எழுத வுட மாட்டாங்களாம். மாடி வூட்டு அக்கா சொல்லிச்சு.”

தகரத்துக்கடியில் ஒரு செருப்பு மண்ணைக் கீறியது. பிறகு, “எப்பவும் ரெண்டு பேருக்கும் சேத்துதான போடுவ? அப்டியே போட்டுகினு இரு” என்றாள்.

போட்டேன். 17, 24 பிரசன்ட் மிஸ். பதினான்கு நாளும் போட்டேன். சாயங்காலம் வீட்டுப்பாடத்தையும் நானே இரண்டு முறை எழுதினேன். என் எழுத்து வலது பக்கம் சாயும், அவளுடையதை இடது பக்கம் சாய்த்து எழுதினேன். சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக அவளுடைய கணக்கில் எங்காவது ஒரு தப்பை வேண்டுமென்றே விட்டுவைப்பேன். என் புத்திசாலித்தனத்தை நினைத்து எனக்கே சிரிப்பாக இருக்கும். ஒருநாள் மிஸ் அவள் நோட்டுப் படத்துக்குக் கீழே “கையெழுத்து மிக அழகு” என்று போட்டிருந்தார். என்னுடையதற்கு வெறும் டிக். இரண்டும் நான் எழுதியவைதான், ஆனாலும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

தகரத்தைப் பிரித்த மறுநாள் அவள் வருவாள் என்று மாடிப்படியில் காத்திருந்தேன். வரவில்லை. மாமாவுக்கு, அதாவது அவள் அப்பாவுக்கு, சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் பாரம் ஏற்றி இறக்கும் வேலை. பல நாள் பூட்டிக் கிடந்து மார்க்கெட் திறந்த முதல் நாளே இரும்புத் தகடு ஒன்று சரிந்து அவர் பாதத்தில் விழுந்துவிட்டது. அத்தை காசிமேட்டில் இறால் உரிக்கிற ஒரு கொட்டகைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு கை இருந்தால் கூட இரண்டு கூடை உரிக்கலாம் என்று மகளையும் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தாள். விடியும் முன்பே ஆட்டோவில் போனால் மதியம் மூன்று மணிக்குத்தான் திரும்புவார்கள்.

“ரெண்டே வாரம்டி. அப்பா எந்து நடந்துட்டாருன்னா நான் வந்துடுவேன்” என்றாள்.

முதல் சில நாட்கள் சாயங்காலத்தில் வந்தாள். ஐஸ் தண்ணீரிலேயே நாள் முழுக்க இருந்து அவள் விரல்நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருக்கும். இறாலின் கொம்பு குத்திய இடங்களில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். மிஸ் அனுப்பிய வீடியோவைப் போட்டுக் காட்டுவேன். இரண்டு நிமிடம் பார்ப்பாள், மூன்றாவது நிமிடம் படியின் சுவரில் தலை சாய்ந்துவிடும். எழுப்பினால், “நீ போட்டுட்ட இல்ல? அப்பறம் இன்னா” என்பாள். அதுவும் சரிதான் என்று எனக்குத் தோன்றும். அவள் தூங்கட்டும் என்று விட்டுவிட்டு நானே இரண்டு நோட்டிலும் எழுதி முடிப்பேன். பிறகு அவள் சாயங்காலமும் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. அவளுக்காகக் காத்திருந்து, அவளுக்குப் புரியும்படி சொல்லிக் கொடுத்து எழுத வைப்பதைவிட நானே எழுதுவது சுலபமாக இருந்தது. அதுதான் உண்மை.

அத்தைக்கு என்மேல் அவ்வளவு அன்பு. ஒருநாள் கேரி பேக்கில் இறால் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்து, என் கன்னத்தைத் தடவினாள். “எங்கண்ணு, நீ இல்லாங்காட்டி அவ பேர எடுத்திருப்பாங்க” என்றாள். அம்மாவும் பெருமையாகப் பார்த்தாள். பட்டன் போனிலிருந்து நைனா அழைத்தபோது அவருக்கும் அந்தச் செய்தி போனது. வீட்டில் யாருக்கும் இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. பெண்ணின் பெயர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறது, மாமாவின் கால் ஆறியதும் போய்விடுவாள். அன்று ராத்திரி இறால் தொக்கு வைத்தோம். நான் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டேன்.

இரண்டு வாரம் இரண்டு மாதம் ஆனது.

ஒரு சனிக்கிழமை காலை கணக்கு மிஸ் எங்கள் தெருவில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினார். முகத்தில் இரண்டு மாஸ்க். கையில் மடித்த ஒரு தாள். எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அவர் எங்கள் வீட்டைத் தாண்டித் தெருக்கோடிக்குப் போனார். எங்கள் வகுப்பில் இருபத்தொன்பதாம் எண்காரி அங்கே இருந்தாள். அவள் பத்து நாளாக வகுப்புக்கு வரவில்லை. மிஸ் வாசலுக்கு வெளியிலேயே நின்று அவள் அம்மாவிடம் வெகுநேரம் பேசினார். போன் உடைந்துவிட்டது, ரிப்பேர் செய்ய முடியாது என்று அந்த அம்மா சொல்வது எங்கள் வாசல்வரை கேட்டது. “அடுத்த சனிக்கிழமை வாரேன், ஒரு பழைய போன் பாத்துக் கொண்டாரேன். பிள்ளைய வேற எங்கயும் அனுப்பிராதீய” என்று மிஸ் சொன்னார். சொன்னபடி அடுத்த வாரம் கொண்டுவந்தும் கொடுத்தார்.

திரும்பிப் போகும்போது என்னைப் பார்த்து வண்டியை நிறுத்தினார்.

“பதினேழு, நீ இங்கதான் இருக்கியா? ஒங்க அத்தை பொண்ணு எங்க?”

“அடுத்த தெரு மிஸ்.”

“ரெண்டு பேரும் நல்லாப் படிக்கிய. அவ ஒன்பதாவதுல சுமாராத்தான் இருந்தா, இப்ப நல்லா முன்னேறிட்டா. வா, அவளையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போறேன்.”

அத்தை வீட்டுக்கு அங்கிருந்து ஐம்பது அடி இருக்கும். வாசலில் மாமா கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருப்பார். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார். அவருக்கு மறைக்கத் தெரியாது, மறைக்க வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தெரியாது.

“அவங்க வூட்ல யாரும் இல்ல மிஸ். எங்க மாமாவுக்குக் கால்ல அடி. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க” என்றேன். என் வாயிலிருந்து அது எவ்வளவு சரளமாக வந்தது என்று இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது.

மிஸ் கையிலிருந்த தாளைப் பிரித்துப் பார்த்தார். அதில் எண்களும் தெருப் பெயர்களும் இருந்தன. “சரி, இன்னும் ஆறு வீட்டுக்குப் போணும். வராத பிள்ளைகளத்தான் மொதல்ல பாக்கணும். அவளக் கேட்டேன்னு சொல்லு” என்று வண்டியைக் கிளப்பினார். மெயின் ரோடு திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பெரிய ஆபத்திலிருந்து அத்தை மகளைக் காப்பாற்றிவிட்டதாகத்தான் நினைத்தேன். அந்த நேரத்தில் அவள் காசிமேட்டில் ஐஸ் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

பிறகு ஒருவழியாகப் பள்ளிக்கூடம் திறந்தது. ஒரு அறையில் இருபது பேர்தான் இருக்கலாம். பெஞ்சுக்கு ஒருவர். ஒற்றைப்படை எண்கள் திங்கள், புதன், வெள்ளி. இரட்டைப்படை எண்கள் செவ்வாய், வியாழன், சனி. வீட்டில் பெரியவர்கள் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் கொண்டுவர வேண்டும். விருப்பமில்லாதவர்கள் வீட்டிலிருந்தே படிக்கலாம், கட்டாயமில்லை. வாசலில் நெற்றிக்கு நேரே ஒரு கருவியை நீட்டிக் காய்ச்சல் பார்த்தார்கள், கையில் சானிடைசர் ஊற்றினார்கள்.

இதைத் தவிர இன்னொரு கூட்டம் இருந்தது. செல்போன் வகுப்புக்குச் சரியாக வராத பதினொரு பேரைப் பொறுக்கி எடுத்து, தினமும் வரச் சொல்லி, ஆய்வகத்தில் உட்கார வைத்து, ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலிருந்து மிஸ் நடத்தினார். நாங்கள் அதை டப்பா பேட்ச் என்று கேலி செய்தோம். எங்கள் தெருக்கோடிக்காரியும் அதில் இருந்தாள். இருபத்து நான்காம் எண்ணுக்கு அதில் இடமில்லை. அவள்தான் ஒருநாள் விடாமல் பிரசன்ட் ஆயிற்றே.

அவளுடைய முதல் நாள் செவ்வாய்க்கிழமை. அத்தை அன்று அவளை வேலைக்குக் கூட்டிப் போகவில்லை. திங்கள் சாயங்காலம் அவள் என்னிடம் நோட்டை வாங்கிப் புரட்டினாள். அவள் பெயர் போட்ட நோட்டுதான். இடது பக்கம் சாய்ந்த எழுத்தில் பக்கம் பக்கமாகக் கணக்குகள்.

“இதெல்லாம் எப்ப நடத்துனாங்க?” என்றாள்.

“நீ சும்மா குந்திகினு இரு. கேட்டா மறந்துபோச்சுன்னு சொல்லிடு” என்றேன்.

செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. அன்று எனக்குப் பள்ளி இல்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் சீருடையைக்கூட மாற்றாமல் குழாயடியில் தன் வேலை ஏப்ரனைத் துவைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருடத்தில் அவள் வளர்ந்திருந்தாள். சட்டையின் கை தோளில் இறுக்கிப் பிடித்தது.

“எப்டிடி இருந்துச்சு?” என்றேன்.

அவள் துவைப்பதை நிறுத்தவில்லை. “மிஸ் என் நோட்டத் தூக்கி எல்லாருக்கும் காட்டுனாங்க. செல்லுல படிச்சாலும் இப்டிப் படிக்கணும்னாங்க. கை தட்டச் சொன்னாங்க. எல்லாரும் தட்டுனாங்க.”

ஏப்ரனைத் திருப்பிப் போட்டுச் சோப்பைத் தேய்த்தாள்.

“அப்பறம் போர்டாண்ட கூப்டாங்க. ஏதோ தொடர்வரிசையாமே, அத்த போடச் சொன்னாங்க. சாக்பீஸ் குடுத்தாங்க. நான் கணக்கு நம்பர எழுதுனேன். அப்பறம் நின்னுகினே இருந்தேன்.”

“திட்டுனாங்களா?”

“திட்டிருந்தா பரவால்லயே. ரொம்ப நாள் கழிச்சு போர்டுக்கு வந்துக்கீற, பயம்மா இருக்கும், போய் குந்துன்னு நல்லாத்தான் சொன்னாங்க.” ஏப்ரனைப் பிழிந்து உதறினாள். “என் பேரு போட்ட கணக்கு, எனுக்கே இன்னான்னு தெரில. பக்கத்து ரூம்ல பதினோரு பேர வெச்சு மொதல்லருந்து சொல்லித் தராங்க இல்ல? அதுல வுட்டா நான் குந்துவேன்டி. எங்கம்மாகூட சரின்னுச்சு. காலைல ஸ்கூலு, மத்தியானம் வேலைன்னு சொல்லிக்கீது.”

“டப்பா பேட்ச்சுடி அது.”

“இருக்கட்டுமே. நாளைக்கு நீதான போவ? மிஸ்ஸாண்ட சொல்லேன். நான்தான் எழுதுனேன், அவ எழுதலன்னு சொல்லு. என்னால சொல்ல முடில. எல்லாரும் கை தட்னாங்க இல்ல, அப்பறம் எப்டி சொல்றது?”

சொல்கிறேன் என்றேன். சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

புதன்கிழமை காலையில் மிஸ் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் காய்ச்சல் பார்த்துக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் கருவியை நீட்டிக்கொண்டே, “இந்த பேட்ச்சுக்கு இனி நீதான் லீடர், சரியா?” என்றார். கண்கள் மாஸ்க்குக்கு மேலே சிரித்தன. “சரி மிஸ்” என்று சானிடைசருக்குக் கையை நீட்டினேன். மதியம் சொல்லலாம் என்று நினைத்தேன். மதியம் ஆசிரியர்கள் அறை வாசலுக்குப் போனேன். “என்ன பிள்ளே?” என்று மிஸ் நிமிர்ந்தார். “மிஸ், சனிக்கிழமை எங்களுக்கு லீவுதான?” என்றேன். ஆமாம் என்றார். வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் அத்தை மகள் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து நின்றாள். “சொன்னியா?”

“சொல்லிட்டேன். பாக்கலாம், நாங்களே கூப்பிடுறோம்னாங்க” என்றேன்.

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மிஸ் கூப்பிடும்வரை வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். வியாழக்கிழமை அவள் பள்ளிக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை மிஸ் என்னைக் கேட்டார், அவள் ஏன் வரவில்லை என்று. “அவங்க வூட்ல கொரோனான்னு பயப்படுறாங்க மிஸ்” என்றேன். மிஸ் தலையாட்டினார். “கட்டாயம் இல்லன்னு சொல்லியாச்சு. வீட்ல இருந்தே படிக்கட்டும். அவ சமாளிச்சுக்கிடுவா, அவளப் பத்தி எனக்குக் கவலையில்ல” என்றார். வகுப்புக்கு வர ஆசைப்பட்ட வேறொரு பிள்ளைக்கு அந்த இருபதில் ஒரு இடம் கிடைத்தது.

வீட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு வாட்ஸ்அப் குழுவில் வருகை கேட்பது தொடர்ந்தது; பிறகும் நான் 24 பிரசன்ட் என்று போட்டுக்கொண்டுதான் இருந்தேன். நிறுத்தினால் எல்லாம் வெளியே வந்துவிடும். அவள் இரண்டு மூன்று முறை, “மிஸ் எதுனா சொன்னாங்களா?” என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் அவள் தெரு வழியாகப் போவதைக் குறைத்துக்கொண்டேன். மாமாவின் கால் ஆறியது, அவர் மார்க்கெட்டுக்குப் போனார். ஆனாலும் அவள் கொட்டகைக்குப் போவது நிற்கவில்லை. அதற்குள் அவள் கை வேகம் பிடித்துவிட்டது என்று அத்தை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பட்டியல் எடுத்தபோதுதான் மிஸ் கையெழுத்து வாங்க அவள் வீட்டுக்குப் போனார். வாசலில் மாமா இருந்தார். அவள் எங்கே என்று கேட்டதற்கு, வேலைக்குப் போயிருக்கிறாள் என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டதற்கு, தகரம் பிரித்ததிலிருந்து என்றார். மிஸ் அங்கிருந்து நேரே காசிமேட்டுக்குப் போனாராம். கொட்டகைக்கு வெளியே ஈரத் தரையில் நின்று அவளைக் கூப்பிட்டிருக்கிறார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “கூப்புடுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன் மிஸ். இப்ப வந்து இன்னா மிஸ் பண்றது?” என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அதன் பிறகும் மிஸ் மூன்று முறை போனார். கடைசி முறை அவள் வெளியே வரவே இல்லை. இதையெல்லாம் அத்தை வந்து அம்மாவிடம் சொன்னாள். என்னைப் பற்றி அத்தை மகள் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மிஸ் என்னை ஒரு வெள்ளிக்கிழமை வகுப்புக்கு வெளியே கூப்பிட்டார். வராந்தாவில் யாரும் இல்லை.

“நான் கூப்பிடுவேன்னு அவ காத்திருந்தாளாம்லா. என்கிட்ட சொல்லச் சொல்லி ஒங்கிட்ட ஏதோ சேதி விட்டிருக்கா, என்ன?” என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கையில் அன்றைக்கும் ஒரு மடித்த தாள் இருந்தது.

“நீ ஒரே ஒருநாள் அவ வரலன்னு விட்டிருந்தாக்கூடப் போதும் பிள்ளே. அந்த வாரமே நான் வந்திருப்பேன்” என்றார். குரல் உயரவில்லை. வேறு ஏதோ சொல்லப் போகிறவர் போல என்னைப் பார்த்தார். பிறகு, “போ, கை கழுவிட்டு வகுப்புக்குப் போ” என்று சொல்லிவிட்டு ஆய்வகத்துப் பக்கம் நடந்தார்.

குழாயடியில் வட்டம் வரைந்த இடங்களில் பிள்ளைகள் தள்ளித் தள்ளி வரிசையில் நின்றிருந்தார்கள். நானும் போய் ஒரு வட்டத்துக்குள் நின்றேன். மிஸ் அடிக்கவில்லை. தலைமையாசிரியரிடம் கூட்டிப் போகவில்லை. நைனாவை அழைத்து வரச் சொல்லவில்லை. லீடர் பதவியைக்கூடப் பறிக்கவில்லை. வரிசை நகர நகர மனசு லேசானது. தப்பித்தோம் என்று நினைத்தேன். அந்தத் ‘தப்பித்தோம்’ என்பதில் அவளையும் சேர்த்துக்கொண்டுதான் நினைத்தேன்.